குரோமியம் பாஸ்பர்: 696-இல் ஊசிக்கோடு, 900-இல் மேடு. மாம்பழ அளவிக்கு எந்தப் பொடி?

கேள்வி: தாமரைக்கேணி

வணக்கம். மாம்பழத்தை அறுக்காமலே அதன் உலர்பொருள் (நீர் போக மிஞ்சும் எடை) அளவைக் கணிக்கும் கையடக்கக் கருவி ஒன்றுக்கு அண்மை அகச்சிவப்பு விளக்கு வேண்டும். தேவைப்படும் பட்டை சுமார் 730 முதல் 975 நானோமீட்டர். நீல எல்.இ.டி. சிப்பின் மேல் குரோமியம் சேர்த்த ஒளிர்பொடியைப் பூசி அகலமான ஒளி எடுப்பதுதான் திட்டம். சிப் 450 நானோமீட்டர், 350 மில்லி ஆம்பியர். நிறமாலைமானி 350–1050 வரை படிக்கும் சிலிக்கான் வகை.

இதுவரை இரண்டு பொடிகள் தயார்.

முதலாவது ஜிங்க் காலேட், குரோமியம் 0.5%, காற்றில் 1300 டிகிரி, 4 மணி நேரம். வெளிர் நிறம், எக்ஸ்.ஆர்.டி. (படிகத்தை அடையாளம் காணும் எக்ஸ் கதிர்ச் சோதனை) சுத்தம். 696-இல் ஊசி போன்ற கூர்மையான உச்சி, அதைச் சுற்றிக் கொஞ்சம் அடர்த்தி. அது தவிர 900-ஐ மையமாக வைத்து ஒரு சிறு மேடு.

இரண்டாவது கால்சியம் காலியம் ஜெர்மேனேட் கார்னெட் (கார்னெட் என்பது ஒரு படிக அமைப்பு), குரோமியம் 5%, காற்றில் 1250 டிகிரி, 6 மணி நேரம். பச்சையாக வரும் என்று பார்த்தால் பழுப்பு கலந்த மஞ்சள் பச்சை. ஒளி மிகக் குறைவு. இதிலும் அதே 900 மேடு.

பொடியையும் சிலிகோனையும் எடைக்கு எடை கலந்து சிப்பின் மேல் ஊற்றினால் நீலம் நிறையக் கசிகிறது. எரியவிட்ட சில நிமிடங்களில் அகச்சிவப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

என் கேள்விகள்: அகலமான பட்டை ஏன் வரவில்லை? 900 மேடு உண்மையா? பழுப்பு எதனால்? வெளிச்சம் சரிவதை எப்படி நிறுத்துவது?

---

பதில் 1: கீற்றணி

900-ஐ முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதை நம்பித்தான் அடுத்த பொடியைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். அது உங்கள் பொடியிலிருந்து வருவதில்லை. 450-ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

கீற்றணி (ஒளியை அலைநீள வாரியாகப் பிரிக்கும், நெருங்கிய கோடுகள் கொண்ட பாகம்) உள்ள எந்த நிறமாலைமானியிலும் 450 நானோமீட்டர் ஒளியின் இரண்டாம் வரிசை விளிம்பு விலகல், 900-இன் முதல் வரிசை விழும் அதே இடத்தில்தான் விழும். உள்ளே வரிசை பிரிக்கும் ஃபில்டர் ஒட்டியிருந்தால் அது தடுக்கப்படும். பல சிறு கருவிகளில் அது கிடையாது, இருந்தாலும் நீலம் இவ்வளவு பலமாகக் கசியும்போது போதாது. முற்றிலும் வேறான இரண்டு பொடிகளில் ஒரே இடத்தில் மேடு வந்ததே பெரிய துப்பு.

சந்தேகம் தீர மூன்று சோதனைகள் உண்டு. பொடியே பூசாத வெறும் நீல சிப்பை அளந்து பாருங்கள். 900 அப்போதும் நிற்கும். அடுத்து நிறமாலைமானியின் வாயில் 550 லாங்-பாஸ் ஃபில்டர் (550-ஐவிட நீண்ட அலைநீளத்தை மட்டும் விடுவது) வையுங்கள். நீலம் வெட்டப்பட்டதும் 900 காணாமல் போகும், 696 அப்படியே இருக்கும். 405 சிப் கையில் இருந்தால் அதையும் முயலுங்கள், பொய் மேடு 810-க்கு நகர்ந்துவிடும். உண்மையான ஒளிர்வு, தூண்டும் ஒளி மாறினாலும் இடம் மாறாது.

இனி எல்லா அளவையும் அந்த ஃபில்டரோடுதான் எடுக்க வேண்டும். ஃபில்டரின் கடத்தலையும் சேர்த்தே திருத்துங்கள்.

திருத்தம் என்றதும் அடுத்த பொறி. சிலிக்கான் உணரியின் கூர்மை 950-க்கு மேல் வேகமாகச் சரிகிறது, 1050-இல் மிச்சம் கொஞ்சம்தான். திருத்தாத வளைவில் எந்தப் பொடியும் இருப்பதைவிடக் குட்டையான அலைநீளத்தில் ஒளிர்வதாகத்தான் தெரியும். 840-இல் உச்சி உள்ள பொடி 820 என்று காட்டி ஏமாற்றும். எளிய வழி, 12 வோல்ட் 20 வாட் ஹாலஜன் விளக்கை அதன் முழு வோல்ட்டேஜில் அரை மணி நேரம் எரியவிட்டு நிறமாலையைப் பதிவு செய்வது. சுமார் 2900 கெல்வினுக்கான பிளாங்க் வளைவை அந்தப் பதிவால் வகுத்தால் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் திருத்தக் காரணி கிடைத்துவிடும். சான்றிதழ் பெற்ற விளக்குக்கு இது ஈடில்லை, ஆனால் உச்சி எங்கே, அகலம் எவ்வளவு என்று சொல்ல இது போதும்.

கைபேசியின் பின் கேமராவை வைத்து 'ஒளிர்கிறதா' என்று பார்ப்பவர்கள் உண்டு. பல கைபேசிகளில் பின் கேமராவுக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் பலமாக இருக்கும், முன் கேமராவில் கொஞ்சம் இளகியிருக்கும். உண்டா இல்லையா என்று பார்க்க மட்டும் அது உதவும். அளவு சொல்லாது.

---

பதில் 2: படிகம்88

தலைப்பில் 'பாஸ்பர்' என்று போட்டதற்கு ஒரு சிறு விளக்கம், புதிதாகப் படிப்பவர்களுக்காக. இது ஒளிர்பொருளைக் குறிக்கும் சொல், பாஸ்பரஸ் என்ற தனிமம் இல்லை. நாளிதழ் மொழிபெயர்ப்புகளில் இது அடிக்கடி குழம்புகிறது.

உங்கள் ஊசிக்கோட்டில் தவறேதும் இல்லை. ஜிங்க் காலேட் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. தேர்வுதான் உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை.

குரோமியம் 3+ அயனி ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த எண்முக இடத்தில் உட்காரும். ஆக்சிஜன்கள் நெருக்கிப் பிடித்தால் படிகப் புலம் (சுற்றியுள்ள அயனிகளின் மின்புலம்) பலமாகும், அப்போது கீழ்மட்டக் கிளர்நிலை எலக்ட்ரானின் சுழற்சி மட்டும் மாறிய நிலை. அதிலிருந்து வருவது கூர்மையான கோடு. மாணிக்கத்தின் 694 கோடு இதுதான், உங்கள் 696-ம் இதே இனம். ஆக்சிஜன்கள் தள்ளி நின்றால் புலம் தளர்ந்து வேறொரு நிலை கீழே இறங்கும். அந்த நிலை படிக அதிர்வுகளோடு பின்னிக் கிடப்பதால் ஒளி நூறு நானோமீட்டருக்கும் மேல் அகன்று விரிகிறது. ஆக, தாய்ப்படிகத்தில் (குரோமியத்தை ஏற்கும் படிகத்தில்) அந்த இடம் எவ்வளவு பெரியது என்பதே கேள்வி.

ஆரங்களைப் பாருங்கள், எல்லாம் எண்முக இடத்துக்கானவை, ஆங்ஸ்ட்ராமில்: அலுமினியம் 0.535, குரோமியம் 0.615, காலியம் 0.62, ஸ்காண்டியம் 0.745, இண்டியம் 0.80. அலுமினியம் இடத்தில் குரோமியம் நெருக்கத்தில் மாட்டிக்கொள்கிறது, கோடு வருகிறது. ஸ்காண்டியம், இண்டியம் இடத்தில் விசாலமாக உட்காருகிறது, அகன்ற பட்டை வருகிறது. காலியம் இடைப்பட்டது, சுற்றியிருக்கும் மற்ற அயனிகள்தான் அங்கே முடிவு செய்யும். லுட்டீசியம் காலியம் கார்னெட்டில் கோடு தலைகாட்டும். இட்ரியத்தில் குறையும். பெரிய காடோலினியம் போட்டால் கூடு விரிந்து அகன்ற பட்டையே ஓங்கும்.

ஏறக்குறைய உச்சிகள்: காடோலினியம் காலியம் கார்னெட் 730 பக்கம், கால்சியம் ஸ்காண்டியம் சிலிகேட் கார்னெட் 770 பக்கம், ஸ்காண்டியம் போரேட் 800 பக்கம், லித்தியம் ஸ்காண்டியம் சிலிகேட்டும் லித்தியம் இண்டியம் சிலிகேட்டும் 840 பக்கம். ஒரே பொடி உங்கள் 730–975 முழுவதையும் சீராக நிரப்பாது. இரண்டு பொடி கலக்கச் சொல்வேன்: காடோலினியம் கார்னெட் ஒன்று, லித்தியம் ஸ்காண்டியம் சிலிகேட் ஒன்று.

ஜிங்க் காலேட்டை இந்த வேலைக்குக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு, கோட்டைவிட அதுதான் பெரியது. அது அணைத்த பிறகும் ஒளிரும் வகை. 2012-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஜிங்க் காலோஜெர்மேனேட் 360 மணி நேரத்துக்கும் மேல் அகச்சிவப்பில் மினுங்கியது, உங்கள் பொடி அதற்கு நெருங்கிய உறவு. இருட்டில் அடையாளம் காட்டவும், உடலுக்குள் செலுத்தி வெளியிலிருந்து தூண்டாமல் படமெடுக்கவும் அது அருமையான குணம். உங்கள் கருவியிலோ விளக்கை அணைத்து இருட்டு அளவு எடுத்துக் கழிக்க வேண்டும். அணைத்தும் அணையாத விளக்கை வைத்துக்கொண்டு எதைக் கழிப்பீர்கள்? ஒவ்வொரு பழத்துக்கும் அடித்தளம் மாறிக்கொண்டே இருக்கும்.

10 கிராம் காடோலினியம் கார்னெட்டுக்கு, எண்முக இடத்தில் 5% குரோமியம் என்ற கணக்கில்:

காடோலினியம் ஆக்சைடு 5.381 கிராம்
காலியம் ஆக்சைடு 4.544 கிராம்
குரோமியம் ஆக்சைடு 0.0752 கிராம்

75 மில்லிகிராமைத் தராசில் நிறுத்திக் கல்வத்தில் சீராகப் பரப்புவது சிரமம். அதற்குப் பதில் ஒன்பது நீர் கொண்ட குரோமியம் நைட்ரேட் 0.396 கிராமைக் கொஞ்சம் எத்தனாலில் கரைத்து மற்ற இரண்டின் மேல் ஊற்றி அரையுங்கள். குரோமியம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போய்ச் சேரும். காடோலினியம் ஆக்சைடு ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து வைத்திருக்கும். நிறுக்கும் முன் 900 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டு, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலனில்) ஆறவிட்டு நிறுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் காடோலினியம் குறைந்து காலியம் ஆக்சைடு மிஞ்சும், குரோமியம் அதில் போய் உட்கார்ந்து தன் ஒளியையும் சேர்த்துக் கலக்கும்.

போரிக் அமிலம் 0.2 கிராம் ஃப்ளக்ஸ், அதாவது சுடும்போது உருகி வினையை எளிதாக்கும் துணைப்பொருள். அகேட் கல்வத்தில் எத்தனாலோடு 40 நிமிடம் அரைத்து, உலர்த்தி, அலுமினா மூசையில் (உலைக் கிண்ணத்தில்) 1400–1450 டிகிரி, 6 மணி நேரம், காற்றிலேயே. ஏற்றம் நிமிடத்துக்கு 5 டிகிரி. நைட்ரேட் சிதையும்போது பழுப்புப் புகை வரும் என்பதால் 300 டிகிரி தாண்டும்வரை காற்றோட்டம் அவசியம். கிடைப்பது நல்ல பச்சைப் பொடியாக இருக்க வேண்டும்.

லித்தியம் ஸ்காண்டியம் சிலிகேட், 4% குரோமியம், 5 கிராமுக்கு (ஸ்காண்டியம் விலை கூடுதல் என்பதால் சிறிதாகவே தொடங்குங்கள்): லித்தியம் கார்பனேட் 0.949 கிராம், இதில் 5% கூடுதல் சேர்ந்திருக்கிறது. ஸ்காண்டியம் ஆக்சைடு 1.620, சிலிக்கா 2.940, குரோமியம் ஆக்சைடு 0.0744. முதலில் 850 டிகிரி 4 மணி நேரம், இறக்கி நன்றாக அரைத்து, பிறகு 1050–1100 டிகிரி 8 மணி நேரம். 1000-க்கு மேல் லித்தியம் பறக்கும், அதற்குத்தான் அந்த 5%. மூசையை மூடியே வையுங்கள். எக்ஸ்.ஆர்.டி.யில் ஸ்காண்டியம் ஆக்சைடு கோடு மிஞ்சியிருந்தால் வெப்பத்தை ஏற்றாதீர்கள், இன்னொரு முறை அரைத்து அதே வெப்பத்தில் சுடுங்கள். பெரும்பாலும் அரைப்பு போதாததுதான் காரணம்.

970-க்கு அப்பாலும் ஒளி வேண்டுமானால், புலம் தளர்ந்த தாய்ப்படிகத்தில் குரோமியத்தோடு இட்டெர்பியமும் சேர்ப்பார்கள். குரோமியம் உறிஞ்சிய ஆற்றல் இட்டெர்பியத்துக்குக் கைமாறி 970–1050 பகுதியில் ஒளியாக வரும், சூட்டையும் கலவை நன்றாகத் தாங்கும். ஆனால் அது வழவழப்பான பட்டை அல்ல, மேடும் பள்ளமுமாக இருக்கும். உங்கள் பட்டை 975-இல் முடிவதால் முதல் சுற்றில் தேவையில்லை.

---

பதில் 3: உலைக்களம்

பழுப்பு பற்றி. அந்தக் கால்சியம் ஜெர்மேனேட்டில் குரோமியம் 3+ ஆக நிற்கவில்லை, அதுதான் முழு விஷயம்.

கால்சியம் 2+, ஜெர்மேனியம் 4+. ஜெர்மேனியம் உட்காரும் நான்முக இடம் குரோமியம் 4+ அயனிக்கு வாகாக அமைந்துவிடுகிறது. காற்றில் சுடும்போது ஆக்சிஜன் கிடைக்கிறது, கால்சியம் பக்கத்திலேயே இருக்கிறது, குரோமியம் ஏறிக்கொள்கிறது. குரோமியம் 4+ சிவப்பிலிருந்து அகச்சிவப்பு வரை உறிஞ்சும். ஆகவே மிச்சமிருக்கும் நல்ல குரோமியம் விடும் ஒளியையும் அதுவே தின்றுவிடும். சில சதவீதம் தடம் மாறினாலே வெளிச்சம் பாதியாகும். மஞ்சள் பங்கு இன்னும் மோசமானது, அது கால்சியம் குரோமேட், குரோமியம் 6+.

சோதித்துப் பாருங்கள். ஒரு சிட்டிகை பொடியை 10 மில்லி வெந்நீரில் போட்டுக் குலுக்கி, தெளியவிட்டு, வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நீர் எலுமிச்சை நிறம் காட்டினால் குரோமேட். உறுதி செய்ய, நீர்த்த கந்தக அமிலத்தில் டைபினைல் கார்பசைடு கரைசல் இரண்டு சொட்டு. ஊதா வந்தால் சந்தேகமே இல்லை. குரோமியம் 6+ புற்றுநோய் தரக்கூடியது. அந்தப் பொடியை வெறுங்கையால் தொடாதீர்கள், திறந்த கல்வத்தில் உலர்வாக அரைக்காதீர்கள், கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அஸ்கார்பிக் அமிலம் போட்டு நிறம் மாறும்வரை ஒடுக்கி, கன உலோகக் கழிவுக் கலனில் சேருங்கள்.

இந்தப் பொடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வழி இருக்கிறது. சிறு மூசையில் பொடி, அதை மூடிப் பெரிய மூசைக்குள் வைத்து, சுற்றிலும் கரித்துண்டுகளை நிரப்பி, பெரியதையும் மூடி 1200 டிகிரியில் 3 மணி நேரம் மறுபடி சுடுங்கள். கார்பன் மோனாக்சைடு சூழலில் குரோமியம் 3+ ஆக இறங்கும். ஆனால் எல்லை தாண்டக்கூடாது. ஒடுக்கும் சூழல் கடுமையானால் காலியம் ஆக்சைடு தாழ்ந்த ஆக்சைடாக மாறி ஆவியாகும், ஜெர்மேனியமும் கூடவே போகும். மூசை மூடியின் அடியில் வெண்சாம்பல் படிந்திருந்தால் உங்கள் காலியம் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். கரியைப் பொடிக்குள் கலப்பது பெருந்தவறு, சாம்பல் நிறம் போகவே போகாது.

இவ்வளவு பாடுபடுவதைவிட, படிகம்88 சொன்ன காடோலினியம் கார்னெட்டுக்குப் போவதே மேல் என்பேன். அங்கே காடோலினியமும் காலியமும் 3+. குரோமியம் 4+ ஆகப் போனாலும் மின்சுமையைச் சரிக்கட்டத் துணை கிடையாது. அதனால் காற்றில் சுட்டாலும் 3+ ஆகவே நிற்கிறது. ஆனால் காடோலினியம் ஆக்சைடு வாங்கும்போது கால்சியம் மாசு எவ்வளவு என்று பாருங்கள். 99.9% தரத்திலும் அது ஒளிந்திருக்கும். 99.99% எடுங்கள். முன்பு கால்சியம் சேர்மம் சுட்ட மூசையைத் திரும்பப் பயன்படுத்தினாலும் இதே பழுப்பு ஓரத்தில் வளையமாகத் தெரியும்.

---

பதில் 4: சாலிடர்புகை

வெளிச்சம் சரிவதற்கு வருகிறேன். கணக்கைப் போட்டால் காரணம் தானே தெரியும்.

350 மில்லி ஆம்பியரில் உங்கள் சிப் ஏறக்குறைய 1.1 வாட் வாங்கி, அரை வாட் நீல ஒளி தருகிறது என்று வையுங்கள். ஒரு நீல ஒளித்துகள் உள்ளே போய் ஓர் அகச்சிவப்புத் துகள் வெளியே வந்தாலும், 450-க்கும் 800-க்கும் உள்ள விகிதம் 0.56 மட்டுமே. பொடியின் குவாண்டம் திறன் (உறிஞ்சிய ஒளித்துகள்களில் மறுபடி ஒளியாக வரும் பங்கு) 60% என்றால் வெளியே வருவது 0.17 வாட். மீதி 0.33 வாட் பொடிக்குள்ளேயே சூடாகிறது. அந்தப் பொடி உட்கார்ந்திருப்பது சிலிகோனில், அதன் வெப்பக் கடத்தல் மீட்டர் கெல்வினுக்கு 0.2 வாட் அளவுதான். அலுமினா சுமார் 30. கீழே ஹீட்சிங்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேல் அடுக்கின் சூடு அங்கே இறங்காது.

வெப்பம்தான் காரணமா, வேறா என்று பிரிக்க ஒரு சோதனை. அதே 350 மில்லி ஆம்பியரை 10 மில்லி விநாடித் துடிப்பாக, விநாடிக்கு ஒரு முறை மட்டும் கொடுங்கள். பல துடிப்புகளுக்குப் பிறகும் வெளிச்சம் முதல் துடிப்பில் இருந்த அளவே நின்றால் சரிவு முழுக்க வெப்பத்தால். அப்போதும் சரிந்தால் சிலிகோன் மஞ்சளாகிறதா, பொடி கெடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் கருவிக்கு இந்தத் துடிப்பு முறையே தீர்வும்கூட. ஒரு பழத்தை அளக்க 100 மில்லி விநாடி போதும், விளக்கு தொடர்ந்து எரிய வேண்டியதில்லை. ஆனால் குரோமியம் மெதுவான அயனி. அகன்ற பட்டைப் பொடிகளில் ஒளிர்வு ஆயுள் பல பத்து முதல் 200 மைக்ரோ விநாடி வரை, கோடு விடும் பொடிகளில் மில்லி விநாடிக் கணக்கு. எனவே மின்சாரம் கொடுத்து 1 மில்லி விநாடி கழித்து அளவைத் தொடங்குங்கள், அணைத்து 1 மில்லி விநாடி கழித்து இருட்டு அளவு எடுங்கள். விளக்கைப் பத்து கிலோஹெர்ட்ஸில் பண்பேற்றி லாக்-இன் செய்யலாம் (அந்த அதிர்வெண்ணில் துடிக்கும் ஒளியை மட்டும் பிரித்து அளக்கலாம்) என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒளி அந்த வேகத்துக்கு ஓடாது.

நீலக் கசிவு: குரோமியத்தின் உறிஞ்சல், வெள்ளை எல்.இ.டி.யில் போடும் சீரியம் பொடியோடு ஒப்பிட்டால் மிகப் பலவீனம். அதற்காகக் குரோமியத்தைக் கூட்டினால் அயனிகள் ஒன்றுக்கொன்று ஆற்றலைக் கடத்தி வீணாக்கும். பொடியைத்தான் கூட்ட வேண்டும். எடையில் 1:1 போதாது, பொடி 3 பங்கு சிலிகோன் 1 பங்கு வரை போகலாம். அப்போது அது ஊற்றும் பதத்தில் இருக்காது, சந்தனம் அரைத்த பதத்தில் இருக்கும். ஸ்பாட்டுலாவால் நிரப்பி மட்டம் தட்டுங்கள். துகள் 10–20 மைக்ரான் இருக்கட்டும். கல்வத்தில் மாவாக்கிவிட்டால் ஒளி சிதறித் திரும்பி சிப்பிலேயே மடியும், துகளின் மேற்பரப்புக் குறைகளும் கூடும்.

படிப்படியாக: இரு பாகச் சிலிகோனை அதன் தாளில் சொன்ன விகிதத்தில் முதலில் கலக்குங்கள். பிறகு பொடி. வெற்றிடத்தில் 10 நிமிடம், குமிழ் பொங்கி அடங்கும் வரை. நிரப்பியதும் காத்திருக்காமல் 80 டிகிரியில் 1 மணி நேரம், அப்புறம் 150 டிகிரியில் 3 மணி நேரம். முதல் சூட்டைத் தள்ளிப்போட்டால் கனமான கார்னெட் துகள் அடியில் இறங்கிவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் இது: சிலிகோன் மணிக்கணக்கில் சுட்டாலும் பிசுபிசுவென்றே இருந்தால் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். இந்தச் சிலிகோன் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது. கந்தகம், அமீன், வெள்ளீயச் சேர்மம் பட்டால் வினையூக்கி செத்துவிடும். லேடெக்ஸ் கையுறையே போதும், அதில் கந்தகம் உண்டு. கந்தகம் சேராத நைட்ரைல் கையுறை போடுங்கள். சாலிடர் ஃப்ளக்ஸ் எச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டே நிரப்புங்கள்.

இரண்டு பொடிகளையும் ஒன்றாகக் கலப்பதைவிட அடுக்காகப் போடுவது நல்லது. 840 பொடி 650–700 பகுதி ஒளியையும் கொஞ்சம் உறிஞ்சும், அதாவது கார்னெட் ஒளியின் குட்டை முனையைத் தின்று தானும் ஒளிரும். கலந்துவிட்டால் விகிதம் மாறும்போதெல்லாம் நிறமாலை எதிர்பாராமல் நகரும். 840 பொடியை சிப்புக்கு அருகிலும் கார்னெட்டை மேலேயும் போட்டால் இந்தத் தின்றல் குறையும். முதல் அடுக்கு இறுகியபின் இரண்டாவது.

இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் நீலத்தை விட்டு 640 பக்கச் சிவப்பு சிப்பால் தூண்டிப் பாருங்கள். குரோமியத்துக்கு அங்கேயும் ஓர் உறிஞ்சல் பட்டை உண்டு. ஒளித்துகள் ஆற்றல் விகிதம் 640-க்கு 800 என்றால் 0.8. பொடியில் விழும் சூடு கண்கூடாகக் குறையும். ஆனால் சிவப்பின் வால் உங்கள் 730 ஓரத்தை எட்டும், 700 லாங்-பாஸ் தேவைப்படும். சிவப்பு சிப் சூட்டுக்கு நீலத்தைவிட அதிகமாக வாடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

---

தாமரைக்கேணி

நன்றி. வெறும் சிப்பிலும் 900 மேடு இருக்கிறது, 550 ஃபில்டர் வைத்ததும் இரண்டு பொடியிலும் மறைந்துவிட்டது. பழுப்புப் பொடியின் கழுவல் நீர் மஞ்சள். துடிப்புச் சோதனையில் வெளிச்சம் சரியவில்லை, ஆக எல்லாம் வெப்பம்தான். காடோலினியம் கார்னெட்டுக்கு மாறுகிறேன்.

ஒன்று மட்டும்: இவ்வளவுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் 810, 850, 940 எல்.இ.டி.களை வரிசையாக வைத்தால் ஆகாதா? பழத்தின் மேல் விளக்கை எப்படி வைப்பது?

---

பதில் 5: கீற்றணி

தனித்தனி எல்.இ.டி. வைத்தும் செய்யலாம். அவை காலியம் ஆர்சனைடு குடும்பம், மின்சாரத்திலிருந்து நேரே அகச்சிவப்பு தருவதால் திறனில் பாஸ்பர் கிட்டவே வராது. காவல் கேமராவுக்கு 850, மங்கலான சிவப்புப் புள்ளிகூடத் தெரியக்கூடாது என்றால் 940, நாடி ஆக்சிஜன் மானிக்கு 660-ம் 940-ம் என்று ஒரு குறிப்பிட்ட நீளம் மட்டும் போதும் எனில் அதுவே சரி. ஆனால் ஒவ்வொன்றின் உச்சியும் டிகிரிக்கு சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். காலை 25 டிகிரி, மதியம் 40 டிகிரி என்றால் 4 நானோமீட்டருக்கு மேல் தள்ளாட்டம். பழத்தில் நாம் தேடும் வித்தியாசமோ அகலமான நீர் உறிஞ்சலின் தோளில் உள்ள சிறு மடிப்பு. விளக்கு நகர்ந்ததா, பழம் மாறியதா என்று பிரிக்க முடியாமல் போகும். அகன்ற பொடி ஒளியில் வெளிச்ச அளவு கூடிக் குறைந்தாலும் வடிவம் அவ்வளவு நகராது, நிறத்தைப் பிரிக்கும் வேலையை நிறமாலைமானி பார்த்துக்கொள்ளும். ஆஸ்ராம் 2016-இல் நீல சிப் மேல் பாஸ்பர் பூசி, சுமார் 650–1050 தரும் எல்.இ.டி. ஒன்றை வெளியிட்டதும் இந்தக் கையடக்கப் பயனை எண்ணியே.

மேசை மேல் மாதிரி சேகரிக்கும் முதல் கட்டத்துக்கு 5 அல்லது 10 வாட் ஹாலஜனையே வையுங்கள். அகலத்திலும் சீரிலும் அதற்கு இன்னும் போட்டி இல்லை. நிறமாலையிலிருந்து உலர்பொருளைச் சொல்லும் கணிப்பு மாதிரி வேலை செய்கிறது என்று தெரிந்தபின் பாஸ்பர் விளக்குக்கு மாறுங்கள். மாறும்போது அதே பழங்களில் சிலவற்றை இரண்டிலும் அளந்து இணைத்துக்கொள்ள வேண்டும். சிறு உணரித் தொகுதி வாங்குவதாக இருந்தால் எல்லையைப் பாருங்கள். ஹமாமட்சு சி-12880-எம்.ஏ. 850-இல் முடிந்துவிடும், சி-14384-எம்.ஏ. 640–1050 வரை போகும். பெயர் பார்த்து மாற்றி வாங்கிவிட்டால் உங்கள் பட்டையில் பாதி போய்விடும்.

பழத்தின் மேல் விளக்கும் உணரியும் ஒரே இடத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் தோலின் பளபளப்பு மட்டுமே திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே 10–20 மில்லிமீட்டர் இடைவெளி, நடுவில் பழத்தோலைத் தொடும் கறுப்பு நுரைத் தடுப்பு. ஒளி சதைக்குள் புகுந்து வளைந்து வர வேண்டும். அந்தக் கறுப்பு நுரை அகச்சிவப்பிலும் கறுப்புதானா என்று ஒரு முறை அளந்து பாருங்கள், கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில துணியும் பிளாஸ்டிக்கும் 800-இல் வெளுத்து நிற்கும். வெள்ளை ஒப்பீட்டுக்கு டெஃப்லான் கட்டை, குறைந்தது 10 மில்லிமீட்டர் தடிமன். மெல்லிய தகடு ஒளியைப் பின்னால் விட்டுவிடும், கீழே இருக்கும் மேசை மாறினால் உங்கள் வெள்ளையும் மாறும்.

சரிபார்க்கும் அளவுக்கு, ஒளி புகுந்த அதே இடத்துச் சதையை வெட்டி எடுத்து 65 டிகிரியில் எடை நிற்கும் வரை, சுமார் 48 மணி நேரம் உலர்த்துங்கள். பழத்தின் இரு கன்னங்களிலும் அளவு ஒன்றாக இருக்காது, ஆகவே கன்னத்துக்கு ஒரு பதிவு. நூறு பழத்துக்குக் குறைந்து கணிப்பு மாதிரி கட்டாதீர்கள், பழத்தின் வெப்பநிலையை வேண்டுமென்றே 20, 30, 40 டிகிரி என்று மாற்றியும் சில பதிவு எடுங்கள். நீரின் 970 உறிஞ்சல் வெப்பத்தோடு நகர்வது உங்களுக்குப் பெரிய தொல்லையாக வரும்.

கண் விஷயம். அகச்சிவப்புக்குக் கண் சிமிட்டாது, பாவை சுருங்காது. விளக்குகளின் ஒளிப் பாதுகாப்புக்கான சர்வதேச ஐ.இ.சி. 62471 தரம் நீண்ட நேரப் பார்வைக்குச் சதுர மீட்டருக்கு 100 வாட் என்று வரம்பு வைக்கிறது. 50 மில்லி வாட் ஒரு சதுர சென்டிமீட்டர் வாயில் வந்தால் அந்த இடத்தில் 500. பழம் அழுந்தினால் மட்டும் எரியும்படி நுரைக்கு அடியில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்துவிடுங்கள். சுவிட்ச் சிக்கிக்கொண்டாலும் விளக்கு 200 மில்லி விநாடியில் தானே அணையும்படி டைமரை மென்பொருளில் விடாமல் மின்சுற்றிலேயே போடுங்கள்.